அழைபெயர், பெயர்சார் நிரல்: இரண்டு கலைச்சொற்கள் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று பார்த்து வேலையை மாற்றிக்கொள்ளும் கட்டளைவரி நிரலுக்குப் 'பன்முக நிரல்' என்ற சொல் முன்வைக்கப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பல வேலை செய்யாத நிரல் எது? இங்கே வேலையைத் தீர்மானிப்பது பெயர். அது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'பெயர்சார் நிரல்' என்கிறேன்.

லினக்ஸின் பல சிறு கட்டளைகளை ஒரே நிரலாக அடக்கிய பிசிபாக்ஸை எடுத்துக்கொள்வோம். டெபியன் லினக்ஸின் நிறுவியை ஃபிளாப்பி வட்டுக்குள் அடக்குவதற்காக 1995-இல் புரூஸ் பெரென்ஸ் தொடங்கியது. எல்எஸ், சிபி, கேட் போன்ற கட்டளைகள் எல்லாமே அந்த ஒரே கோப்புக்கான இணைப்புகள், அதாவது அதன் வேறு பெயர்கள். 'டெஸ்ட்' என்று கூப்பிட்டால் நிபந்தனையைச் சோதிக்கும். திறக்கும் சதுர அடைப்புக்குறியையே பெயராக வைத்துக் கூப்பிட்டாலும் அதே சோதனைதான். ஆனால் கடைசியில் மூடும் குறி இல்லாவிட்டால் பிழை காட்டிவிடும்.

பாம்பனில் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. விசைப்படகில் 'டிரைவரே' என்றால் சுக்கானைப் பிடிக்கிறவர், கரையில் 'மாமா' என்றால் கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தருகிறார். ஆள் ஒருவர்தான்.

அப்புறம், ஆர்க்வி பூஜ்ஜியத்துக்கு (argv[0]), அதாவது ஒரு நிரலைத் தொடங்கும்போது அதன் பெயராக அதற்குத் தரப்படும் சொல்லுக்கு, என்ன சொல்வது? 'கோப்புப்பெயர்' பொருந்தாது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல்களில் ஒன்று பாஷ்; கணினியில் உள்நுழையும்போது அதற்குத் தரப்படும் பெயரின் முன்னால் ஒரு சிறுகோடு இருக்கும். அந்தப் பெயரில் வட்டில் கோப்பே கிடையாது. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், தான் உள்நுழைவு ஷெல் என்று பாஷ் புரிந்துகொண்டு, அதற்குரிய அமைப்புக் கோப்புகளைப் படிக்கிறது. ஆக, கூப்பிடுகிற நிரல் எந்தப் பெயரைக் கொடுக்கிறதோ அதுதான் கணக்கு. 'விளிபெயர்' அழகான சொல், ஆனால் விளி என்றாலே எட்டாம் வேற்றுமைதான் நினைவுக்கு வரும். 'அழைபெயர்' போதும். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை, நாக்கில் தடங்காது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். குனு (GNU) மென்பொருள் திட்டத்தின் நிரலாக்க நெறிகள், பெயரைப் பார்த்து வேலையை மாற்றும் இந்தப் பழக்கத்தையே வேண்டாம் என்கின்றன: இணைப்புக்கு வேறு பெயர் வைத்தாலும் நிரல் செய்கிற வேலை மாறக்கூடாதாம். 'பெயர்சார் நடத்தையைத் தவிர்க்கவும்' என்று அதைத் தமிழில் சுருக்கமாக எழுதிவிடலாம். 'பன்முக நடத்தையைத் தவிர்க்கவும்' என்றால் பொருளே வேறாகிவிடுகிறது.

பிசிபாக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு கட்டளையையும் குறிக்கும் ஆப்லெட்டுக்குக் 'குறுநிரல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.