மறு: கிரெடிபிலிட்டி – எந்தச் சொல்லைப் போடுவது?

செ.:
பிரித்தானிய அகதி மேல்முறையீட்டுக் கையேட்டின் சொல்லடைவு ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி: ‘கிரெடிபிலிட்டி’, அதாவது விண்ணப்பித்தவர் சொல்வதை நம்பலாமா என்பது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான் அவகாசம். அந்தப் பதற்றத்தில் முதலில் விளங்க வேண்டிய சொல் இது. இப்போதைக்கு ‘உண்மைத்தன்மை’ என்று போட்டிருக்கிறேன்.

மு.:
வேண்டாம். ‘உண்மை’ என்றதும், நடந்ததை முழுதாக நிரூபிக்கச் சொல்கிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். 1988இல் சிவகுமாரன் வழக்கில், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை கேட்டது, துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்டா என்பதைத்தான். 2022 ஜூன் 28 முதல் கொடுத்த விண்ணப்பங்களுக்கு இரண்டு படி. துன்புறுத்தலுக்குக் காரணமாகச் சொல்லும் அரசியல் கருத்து போன்றது அவருக்கு உண்டா, அல்லது உண்டென்று மற்றவர்கள் கருதுவார்களா, அச்சம் மெய்யானதா என்பதை ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதல்’ என்ற அளவில் எடைபோடுவார்கள். திரும்பிப் போனால் ஆபத்தா என்பதற்குப் பழைய தாழ்ந்த அளவேதான். ‘நம்பகத்தன்மை’ போதும், பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல்.

இ.:
ஆளுக்கு நம்பகத்தன்மை என்றால் பிடியாணை நகலுக்கு என்ன? ஆவணத்தைச் சார்ந்திருக்கலாமா என்பது தனிக் கேள்வி, மற்றச் சான்றுகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2002இலேயே தன்வீர் அகமது தீர்ப்பு வந்துவிட்டது. அதோடு வேரையும் பாருங்கள். ‘நம்பும் மேவும் நசையா கும்மே’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நம்பு என்றால் விருப்பம்! நீதிபதிக்குப் பிடித்திருக்கிறதா என்றா கேட்கிறோம்? வள்ளுவர் ‘திறந்தெரிந்து தேறப் படும்’ என்கிறார்; அதே குறளில் உயிரச்சமும் இருக்கிறது. தேறுதல் என்றால் ஆராய்ந்து நம்புதல். என் வாக்கு ‘தேறுமை’க்கு.

மு.:
ஐயா, அந்த உயிரச்சம் அரசன் ஆளைச் சோதிக்கிற வழி. அகதியின் அச்சம் அல்ல. ‘உங்கள் தேறுமை குறைவு’ என்று படிப்பவர் ஏதோ பரீட்சையில் கோட்டை விட்டதாக நினைப்பார்.

வ.:
கேஸ் கவிழ்வது இந்தச் சொல்லால் இல்லை. முதல் நேர்காணலுக்கும் விரிவான நேர்காணலுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேறு. ‘மாசியில் பிடித்தார்கள்’ என்றால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது பெப்ரவரி. பஞ்சாங்கக் கணக்கில் பார்ப்பவர் மார்ச் என்றும் எழுதிவிடலாம். பெரியம்மா மகனை ‘அண்ணா’ என்று சொன்னால் ஓரிடத்தில் உடன்பிறந்தவர், இன்னோரிடத்தில் ஒன்றுவிட்டவர். ‘இயக்கத்துக்கு உதவினேன்’ என்பது ‘இயக்கத்தில் இருந்தேன்’ ஆகிவிடும். கடிதத்தில் மூன்றும் முரண்பாடு என்று வரும். நேர்காணல் பதிவை வரிக்கு வரி வாசித்து, பிழையைக் கூற்றறிக்கையில் திருத்துங்கள் என்று கையேட்டில் கட்டாயம் போடுங்கள். விசாரணை நாளன்று முதன்முதலாகச் சொன்னால் அதற்கு எடை குறைவு.

2004 புகலிடச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் விடாதீர்கள். கடவுச்சீட்டைக் கிழித்தது, வழியில் பாதுகாப்பான நாட்டில் வாய்ப்பிருந்தும் விண்ணப்பிக்காதது எல்லாம் அவருக்கு எதிராகவே எண்ணப்படும். நியாயமான விளக்கம் இருந்தால் எழுதிவைக்க வேண்டும்.

செ.:
நன்றி, வ. அப்படியானால் ‘கன்சிஸ்டன்ட்’டுக்கு? வாக்குமூலத்துக்கு ‘முரணின்மை’ சரி. தழும்பு பற்றிய மருத்துவ அறிக்கையில் இடிக்கிறது.

வ.:
அங்கே ‘ஒத்துப்போகிறது’. சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்தும் ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையில் ஐந்து படி: ஒத்துப்போகவில்லை; ஒத்துப்போகிறது, ஆனால் வேறு காரணங்கள் பல இருக்கலாம்; மிகவும் ஒத்துப்போகிறது, வேறு காரணங்கள் சிலவே; இவ்வகைக் காயத்தில் வழக்கமாகக் காண்பது; வேறெப்படியும் ஏற்பட்டிருக்க முடியாதது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தில்தான் பல வழக்குகள் நிற்கின்றன. கேவி வழக்கில் ஒரு இலங்கைத் தமிழரின் முதுகிலும் கையிலும் காய்ச்சிய கம்பித் தழும்புகள். தானே கேட்டுச் சுடுவித்துக்கொண்டாரா என்பது வரை கேள்வி போனது. 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது.

இ.:
‘ஒத்துப்போகிறது’ கொச்சை. ‘இயைபுடைத்து’.

மு.:
ஐயா, அது யாப்பு வகுப்புக்கு.

செ.:
முடிவு: ஆளுக்கும் கூற்றுக்கும் நம்பகத்தன்மை, பக்கத்திலேயே ‘சொன்னதை நம்பலாமா என்பது’ என்று விளக்கம். ஆவணத்துக்குச் ‘சார்ந்திருக்கத் தக்கது’. ‘பிளாசிபிள்’ என்பதற்கு ‘நடந்திருக்கக்கூடியது’ என்றே விடுகிறேன். லஞ்சம் கொடுத்துத் தடுப்பிலிருந்து வெளியே வந்த கதையைத்தான் அந்தச் சொல்லை வைத்து மறுக்கிறார்கள்.

இ.:
தேறுமையை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்கிறேன். சொல்லடைவு என்பது ஒரு நூலில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டுவது. நீங்கள் செய்வது சொற்பட்டியல். தலைப்பையாவது திருத்துங்கள்.