மோல்மேன் வீட்டில் ஒரு தஞ்சாவூர்ப் படம்: அரண்மனைச் சொத்தா?

மோல்மேன் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மேனில் இருக்கும் எங்கள் மாமியார் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பெரிய கிருஷ்ணர் படம் இருக்கிறது. வெண்ணெய்க் குடத்தை அணைத்துக்கொண்டு கொழுகொழுவென்று உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் திரைச்சீலை ஒதுக்கிக் கட்டியிருக்கும். நகை, தூண், மேலே உள்ள வளைவு எல்லாம் தங்கம். மாமனாரின் தாத்தா இங்கே செட்டியார் கிட்டங்கி ஒன்றில், அதாவது வட்டிக்கடையில், வேலை பார்த்தவர். செட்டியார் ஊருக்குக் கிளம்பும்போது, "பத்திரமாக வைத்துக்கொள்" என்று இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். திரும்பி வரவே இல்லை.

தஞ்சாவூர் மகாராஜா அரண்மனையிலிருந்து வந்த படம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மாமியார் ஒரு படி மேலே போய், சரபோஜி ராஜாவே பூஜை செய்த படம் என்பார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

இந்த மழைக்காலத்தில் இடது கீழ் மூலையில் தங்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கற்களும் சில விழுந்துவிட்டன, ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். மந்தலேயில் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், வாங்கி வந்து ஒட்டிவிடலாம் என்கிறார் கொழுந்தனார். செய்யலாமா? இது உண்மையிலேயே அரண்மனைப் படமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? தை மாதம் குடும்பத்தோடு தமிழ்நாடு போகிறோம். தஞ்சாவூரில் என்ன பார்க்க வேண்டும், படத்தையும் எடுத்துப் போகலாமா என்றும் சொல்லுங்கள்.

பகோ தம்பி:

அக்கா, அரண்மனைப் படம் என்றால் யோசிக்காமல் வித்துவிடுங்கள், லட்சக்கணக்கில் போகும்! அழுக்கு இருந்தால் ஈரத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டுப் போட்டோ எடுங்கள், பளிச்சென்று இருக்கும்.

ரங்கூன் பத்தர்:

தம்பி சொன்னதைச் செய்துவிடாதீர்கள் அம்மா. ஈரத் துணி அந்தப் படத்துக்கு எமன். கொழுந்தனாரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். காரணம் சொல்கிறேன். நான் தங்க வேலை செய்கிறவன், படம் வரைகிறவன் இல்லை. ஆனால் கோயிலுக்கும் வீடுகளுக்கும் இந்த மாதிரிப் படங்களைப் பழுது பார்க்கப் போய்ப் பழக்கம்.

இதைப் பலகைப் படம் என்பார்கள். பலா மரத்திலோ தேக்கிலோ பலகை செய்து, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டுவார்கள். துணியின்மேல் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்து பூசித் தேய்ப்பார்கள். நகை, தூண் வரும் இடங்களில் மட்டும் அதே மாதிரி மாவைக் கெட்டியாக வைத்து மேடாக்குவார்கள். அதுதான் மக்கு வேலை. மேட்டின்மேல் தங்க ரேக்கு, நடுவில் கல். கோந்து, பசை, சுண்ணாம்பு என்று எல்லாமே தண்ணீர் பட்டால் இளகிப்போகும் சாமான். மோல்மேன் மழையில் காற்றே ஈரம். மக்கு ஊறி உப்பியதால்தான் மூலையில் தங்கம் தூக்கியிருக்கிறது. தங்கத்தில் ஒரு குறையும் இல்லை. அடியில்தான் நோய், மேலே புதுசாக எதை ஒட்டினாலும் நிற்காது.

மந்தலே ரேக்கு விஷயம். மூங்கில் காகித அடுக்குக்குள் தங்கத்தை வைத்து மணிக்கணக்கில் சம்மட்டியால் அடித்துச் செய்கிற அந்த ரேக்கு மூச்சுப் பட்டாலே சுருண்டுவிடும். பகோடாவிலும் புத்தர் சிலையிலும் ஒட்டுவதற்கென்றே செய்வது. தஞ்சாவூர் ரேக்கு அதைவிடத் தடிப்பு. மக்கின் வளைவுக்கு ஏற்றபடி அழுத்திப் பதியவைப்பார்கள். இரண்டையும் ஒரே படத்தில் வைத்தால் வெளிச்சம் விழும்போது ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். அதைவிட மோசம், இங்கே ரேக்கு ஒட்டுகிறவர்கள் திட்சி மரப்பாலைத் தடவித்தான் ஒட்டுவார்கள். அந்தக் கறுப்புப் பால் காய்ந்தால் பிறகு யார் வந்தாலும் எடுக்க முடியாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள். விளக்கும் ஊதுபத்தியும் அந்தப் பக்கம் வேண்டாம். வெயிலில் காயவைக்கக் கூடாது, பலகை வளைந்துவிடும்.

சரி, அரண்மனைக்கு வருவோம். மாமியாரிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மராட்டியத் தலைவர் வெங்கோஜி 1676 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்ததில் தொடங்கியது போன்ஸ்லே குடும்பத்தின் ஆட்சி. நாயக்கர் கட்டிய அரண்மனையிலேயே குடியிருந்து அதைப் பெரிதாக்கினார்கள். இந்தப் படங்களை வரைந்த ராஜுக்கள் என்ற ஓவியர்கள் தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவர்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில், அதாவது 1798 முதல் 1832 வரை, இந்தக் கைத்தொழில்களுக்கெல்லாம் நல்ல யோகம். நால்வர் என்று நாட்டியக்காரர்கள் கொண்டாடும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுவும் அந்த தர்பாரில் இருந்தவர்கள்தான்.

சரபோஜியின் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, குடும்பத்தின் சொந்தச் சொத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டான். ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, சென்னையில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859இல் மேல்முறையீட்டைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இது அரசாங்கம் அரசாங்கமாகச் செய்த காரியம், கோர்ட் விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தார் பாருங்கள், அதைத்தான் பெரிதாகப் பேச வேண்டும். யாரும் பேசுவதில்லை.

தர்பார் போனபின் ராஜுக்களுக்குச் சோறு போட்டது யார்? கையில் பணம் இருந்தவர்கள். அந்த வரிசையில் முன்னால் நின்றவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்கள் பணத்தில் பெரும்பங்கு நம் பர்மாவிலிருந்து போனது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. இங்கிருந்து தேக்கும் பணமும் காரைக்குடிப் பக்கம் போயின. அங்கிருந்து சாமி படம் கிட்டங்கிக்கு வந்தது. உங்கள் படமும் அப்படிச் செட்டியார் ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னதுதான் என்று எனக்குப் படுகிறது. வெண்ணெய்க் கிருஷ்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் அப்போது நிறையக் கேட்டு வாங்கின படங்கள். அரண்மனைக்கென்று செய்தவற்றில் ராஜாவே உட்கார்ந்திருக்கும் தர்பார்ப் படங்கள் உண்டு.

அதற்காக ஏமாற்றம் வேண்டாம். தர்பாருக்கு வரைந்தவர்களின் பிள்ளையும் பேரனும்தான் செட்டியாருக்கும் வரைந்தார்கள். பகோ தம்பி, தங்கத்தைச் சுரண்டி வித்தால் ஒரு மோதிரம்கூடத் தேறாது.

காளிகோயில் தெரு அக்கா:

பத்தர் அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். தஞ்சாவூர் போய்வந்தவள் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அரண்மனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். மராட்டா தர்பார் மண்டபத்தில் தூணும் விதானமும் வண்ணம் பூசிய சுதை வேலை. நிறம் மங்கியிருந்தாலும் உங்கள் படத்தில் இருக்கும் வளைவும் திரையும் எங்கிருந்து வந்தன என்று அங்கே நின்றால் புரியும். நாயக்கர் தர்பார் பக்கம் சோழர் காலத்துச் செப்புச் சிலைகள் இருக்கின்றன.

சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் சின்ன இடம்தான், எனக்கு அதுதான் பிடித்தது. சரபோஜி காசி யாத்திரை போனபோது வரையச் சொன்ன கங்கைப் படித்துறைப் படங்கள் இருக்கின்றன. கண் வைத்தியம் பார்த்தவர்களின் கண்ணை வரைந்து, நோய் விவரமும் எழுதிவைத்த தாள்கள் இருக்கின்றன. புரை விழுந்த கண்ணை இவ்வளவு பொறுமையாக ஒருவர் வரைந்திருக்கிறார்! 1918இல் அந்த நூலகம் பொதுமக்கள் சொத்தாயிற்று. ராஜாவின் குடும்பத்தார் இன்றும் அரண்மனையில் ஒரு பகுதியில் இருக்கிறார்கள். 88 கோயில்கள் அரண்மனை தேவஸ்தானத்தில். புன்னைநல்லூர் மாரியம்மனும் அதில் ஒன்று. மாரியம்மன் வீட்டுக்காரர்கள் நாம், அங்கே போகாமல் வரக் கூடாது. மூலவர் புற்றுமண், அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புதான்.

வாங்குவதென்றால் கலைத்தட்டு வாங்குங்கள். பித்தளைத் தட்டின் நடுவில் வெள்ளியில் சாமி, சுற்றிச் செம்பில் பூவேலை.

ரங்கூன் பத்தர்:

அக்கா சொன்ன தட்டை நானும் வழிமொழிகிறேன். வாங்குமுன் திருப்பிப் பாருங்கள், வெள்ளித் தகடு எப்படித் தட்டுக்குள் பிடித்து நிற்கிறது என்று கடைக்காரரையே காட்டச் சொல்லுங்கள். உளியால் காடி வெட்டி, விளிம்பைத் தட்டி இறுக்கியிருந்தால் நல்ல வேலை. வெறும் பசையில் நின்றால் வேண்டாம்.

மோல்மேன் மருமகள்:

ரொம்ப நன்றி. படத்தை இறக்கிப் படுக்கவைத்துவிட்டோம். பின்பக்கம் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இரண்டு பலகையைச் சேர்த்துக் குறுக்குக் கட்டை அடித்திருக்கிறது, ஓரத்தில் துணி தெரிகிறது. அப்படியானால் தஞ்சாவூருக்கு எடுத்துப் போய் ஒரு நல்ல ஓவியரிடம் கொடுக்கலாம்தானே?

ரங்கூன் பத்தர்:

எடுத்துப் போகாதீர்கள் அம்மா. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. போகும்போது விட்டுவிடுவார்கள், திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் நின்று யாருக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? இங்கேயும் பழம்பொருள் சட்டம் உண்டு.

போட்டோ எடுத்துப் போங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அந்த மூலையை மட்டும் கிட்டத்தில் எடுங்கள், டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மக்கு எங்கெல்லாம் உப்பியிருக்கிறது என்பது நிழலில் தெரியும். விழுந்த கல்லில் ஒன்றைக் கையில் கொண்டுபோனால் அதே அளவு, அதே நிறம் பார்த்து வாங்கலாம். கோந்து என்ன, மாவு என்ன என்று ஓவியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மழை விட்டு, பலகை நன்றாக உலர்ந்தபின் மாசியில் நான் மோல்மேன் வந்து பார்க்கிறேன்.