பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைப் புது பிசியில் மாட்டலாமா? உள்ளே பழைய விண்டோஸும் ஃபோட்டோக்களும் இருக்கின்றன

இளமாறன்:

வணக்கம். புதிதாக ஒரு பிசி அசெம்பிள் செய்கிறேன். விண்டோஸ் 11 போட 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராக மாட்டும் வேகமான டிஸ்க்) வாங்கியாகிவிட்டது. பழைய பிசியில் இருக்கும் 3.5 இன்ச், 1 டிபி ஹார்ட் டிஸ்க்கையும் இதில் சேர்த்து, ஃபோட்டோ, வீடியோ, கேம் எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ள எண்ணம். அந்த டிஸ்க்கில் சி டிரைவில் விண்டோஸ் 10, டி டிரைவில் 300 ஜிபி அளவுக்குக் குடும்பப் படங்கள். வேறு எங்கும் காப்பி இல்லை. பழைய பிசி இன்னும் ஆன் ஆகிறது.

அப்படியே கழற்றி மாட்டினால் டேட்டா தெரியுமா, ஃபார்மேட் செய்யச் சொல்லுமா? உள்ளே பழைய விண்டோஸ் இருப்பதால் பூட் ஆவதில் குழப்பம் வருமா? டிஸ்க் இன்னும் நம்பக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கடைசியாக ஒன்று: பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), புதுசு இரண்டுமே மாடுலர், அதாவது கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை. பழையதோடு வந்த, டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா பவர் கேபிள் நல்ல நீளம். அதையே புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிக்கொள்ளலாமா?

தேன்மொழி:

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேபிளைச் செருகவே செருகாதீர்கள்.

டிஸ்க்கில் மாட்டும் 15 பின் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், அதற்கு ஸ்டாண்டர்டு இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டும் முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எது கிரவுண்டு என்பதை அவரவர் இஷ்டப்படி வைக்கிறார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறுவதுண்டு. பிளாஸ்டிக் முனை கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆபத்தே அதில்தான். 5 வோல்ட் லைனில் 12 வோல்ட் ஏறினால், பவர் பட்டனை அழுத்திய கணத்திலேயே டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு போய்விடும். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டிவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய கேலிபரேஷன் விவரம் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கிறது. அதையும் இடம் மாற்றினால்தான் டேட்டாவைப் படிக்கும் தலை சரியாக வேலை செய்யும்.

ஆகவே புது எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வந்த கேபிள் மட்டும். நீளம் போதவில்லை என்றால் கேஸில் டிஸ்க் வைக்கும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மோலெக்ஸ் (பழைய 4 பின் பவர் முனை) டு சாட்டா கன்வெர்ட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒயர்கள் வார்த்த பிளாஸ்டிக்குக்குள் மறைந்திருக்கும் வகை வேண்டாம். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாகக் கிரிம்ப் செய்யப்பட்டு, முனையின் பின்னால் கண்ணுக்குத் தெரியும் வகை பரவாயில்லை.

சாட்டா டேட்டா கேபிளுக்கு இந்தக் கவலை கிடையாது. பழையதையே போடலாம். 1 மீட்டருக்குள் இருக்க வேண்டும், முனையில் லாக் கிளிப் இருந்தால் நல்லது.

வேதநாயகம்:

தேன்மொழி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மற்றக் கேள்விகளுக்கு என் பதில்.

டிஸ்க்கைப் பழைய பிசியிலிருந்து கழற்றும் முன்பே மூன்று வேலை முடிய வேண்டும்.

முதல் வேலை, அந்த 300 ஜிபியை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி எடுப்பது. இது முடியாமல் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க், கழற்றி எடுத்துப் போகும்போது கை தவறினால் ஓடாமல் போகலாம்.

இரண்டாவது, பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால், சாவி பழைய மதர்போர்டின் டிபிஎம் பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கும். புது போர்டில் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் டிஸ்க் திறக்காது. பழைய பிசியிலேயே டிக்ரிப்ட் செய்து பூட்டை எடுத்துவிடுவது நல்லது. 1 டிபி டிஸ்க்கில் அதற்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மூன்றாவது, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் டிஸ்க்கை வேறு பிசியில் மாட்டி ஃபைல்களில் கை வைத்தால் ஃபைல் சிஸ்டம் குழம்ப வாய்ப்பு உண்டு. லினக்ஸ் என்றால் படிக்க மட்டும்தான் விடும்.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். புது பிசியில் விண்டோஸ் 11 இன்ஸ்டால் ஆகி முடியும்வரை பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளை மாட்டாதீர்கள். இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களை வைக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தால், விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, அதைக் கிளப்பும் பூட் லோடரைப் பழைய டிஸ்க்கில் எழுதிவிடும். அப்போதைக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்தாலோ, அது செத்துப்போனாலோ, புது எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது இன்ஸ்டால் செய்தால் இந்தப் பேச்சே இல்லை.

விண்டோஸ் ஏறிய பிறகு பிசியை அணைத்து, பின்பக்க சுவிட்சையும் அணைத்து, டிஸ்க்கை மாட்டுங்கள். பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸ் திரை) பூட் வரிசையில் எஸ்எஸ்டியின் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கட்டும். பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் உடனே டிஸ்க் போச்சு என்று எண்ண வேண்டாம். பல போர்டுகளில் ஏதோ ஒரு எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. எது எதோடு பங்கு போடுகிறது என்று மேனுவலில் ஒரு அட்டவணை இருக்கும். வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

டேட்டா அப்படியே தெரியும். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தாலும் டேட்டா டிஸ்க்காகப் படிப்பதற்குத் தடை இல்லை. எம்பிஆரா, புது முறையான ஜிபிடியா என்பது பூட் செய்யும்போதுதான் பிரச்சினை. டிரைவ் எழுத்து மட்டும் டி-க்குப் பதில் இ அல்லது எஃப் என்று மாறியிருக்கும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே டிஸ்க் 'ஆஃப்லைன்' என்று இருந்தால் ரைட் கிளிக் செய்து ஆன்லைன் கொடுங்கள். 'ஃபாரின்' என்றால் அது டைனமிக் டிஸ்க், இம்போர்ட் செய்ய வேண்டும். 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டால் மட்டும் கேன்சல் அழுத்திவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். ஓகே கொடுத்தால் புது பார்ட்டிஷன் டேபிளை எழுதிவிடும், பழைய பார்ட்டிஷன்கள் தெரியாமல் போகும்.

பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது பர்மிஷன் இல்லை என்று வரலாம். பழைய விண்டோஸின் கணக்கும் புது விண்டோஸின் கணக்கும், பெயர் ஒன்றாக இருந்தாலும், வேறு வேறு ஆட்கள்தான். ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஓனரை மாற்றினால் போதும்.

இளமாறன்:

நன்றி தேன்மொழி அக்கா, நன்றி அண்ணா. கேபிள் விஷயம் சுத்தமாகத் தெரியாது. பழைய பிசியில், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று காட்டுகிறது. ரா வேல்யூவை (டிஸ்க் தானே குறித்து வைக்கும் எண்ணிக்கை) டெசிமலுக்கு மாற்றிய பிறகு: 05 ரீஅலோகேட்டட் 0, சி5 பெண்டிங் 8, சி6 அன்கரெக்டபிள் 8, சி7 சிஆர்சி எரர் 112, 09 பவர் ஆன் நேரம் 20,140 மணி. 01 ரீட் எரர் ரேட் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கிறது. சீகேட் டிஸ்க். காப்பி இன்னும் ஆரம்பிக்கவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

ரஃபீக்:

டெசிமலுக்கு மாற்றிப் பார்த்தது நல்லது. இயல்பில் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) காட்டுவதால் 10 என்று இருப்பது 16 என்று பலருக்கும் தெரிவதில்லை.

ஒவ்வொன்றாக. சீகேட்டில் 01-உம் 07-உம் (சீக் எரர் ரேட்) இப்படித்தான் பெரிய எண்ணாக இருக்கும். மொத்தம் எத்தனை முறை படித்தது என்பதையும் பிழை எண்ணிக்கையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைக்கிறார்கள். கவலை வேண்டாம். 20,140 மணி நேரம் என்பது இரவு பகலாக ஓடினால் 2 வருஷம் 3 மாதத்துக்குச் சற்று மேல், அதுவும் தனியாக ஒரு தீர்ப்பு ஆகாது.

சி7 டிஸ்க்கின் நோய் அல்ல. கேபிளில் போகும் டேட்டா கெட்டு மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை அது. இந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே 112 என்று குறித்து வைத்துக்கொண்டு, புது பிசியில் புது டேட்டா கேபிள் போடுங்கள். 112-லேயே நின்றால் முடிந்தது.

உண்மையில் பார்க்க வேண்டியது சி5. டேட்டா எழுதப்படும் சிறு கட்டங்களான செக்டர்களில் படிக்க முடியாமல் போனவை அவை. 8 என்பது பெரிதாகத் தெரிகிறது, ஆனால் உங்கள் டிஸ்க் உள்ளே 4096 பைட் செக்டரும் வெளியே 512 பைட் கணக்கும் வைத்திருக்கும் வகையாக இருந்தால், ஒரே ஒரு செக்டர் படிக்கவில்லை என்றாலே 8 என்று காட்டும். டிஸ்க் அந்த இடத்தைத் தானாக ஒதுக்கித் தள்ளாது. அதன் மேல் புதிதாக எழுதும்போதுதான் சரிபார்த்து, தேறினால் வைத்துக்கொள்ளும், தேறாவிட்டால் உபரி செக்டருக்கு மாற்றி 05-இன் கணக்கில் ஏற்றும்.

ஆகவே முதலில் காப்பி. அதற்கு முன் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். இருக்கும் ஒரே காப்பியின் மேல் பழுதுபார்க்கும் வேலை நடக்கக் கூடாது. விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்தினால் ஆர் சுவிட்சையும் (எத்தனை முறை முயல்வது) டபிள்யூ சுவிட்சையும் (எத்தனை நொடி காத்திருப்பது) 1 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் படிக்காத ஒரு ஃபைலுக்காக 30 நொடி இடைவெளி விட்டு 10 லட்சம் முறை முயலும், காப்பி உறைந்து போனதுபோல் இருக்கும். 300 ஜிபியும் பெரிய ஃபைல்களாக இருந்தால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 50 நிமிஷம். சின்னச் சின்னப் படங்கள் என்றால் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். எந்த ஃபைல் விடுபட்டது என்று கடைசியில் லாக்கில் பாருங்கள். அந்த ஒரு செக்டர் பழைய விண்டோஸ் ஃபைலில் இருந்தால் உங்களுக்கு எதுவும் நஷ்டமில்லை.

காப்பியைத் திறந்து பார்த்துத் திருப்தியான பிறகு, புது பிசியில் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடையுங்கள். பழைய ஈஎஃப்ஐ, ரெக்கவரி பார்ட்டிஷன்களை டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் லிஸ்ட் டிஸ்க், பிறகு செலக்ட் டிஸ்க், பிறகு கிளீன். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவைப் பாருங்கள்: உங்கள் எஸ்எஸ்டி 465 ஜிபி என்றும் இந்த டிஸ்க் 931 ஜிபி என்றும் காட்டும். கிளீன் கொடுத்தால் 'நிச்சயமா?' என்று கேட்காது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் 1 டிபி என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டே இதைச் செய்யுங்கள்.

பிறகு ஜிபிடி, ஒரே பார்ட்டிஷன், ஃபார்மேட் செய்யும்போது 'குயிக்' டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். முடிந்ததும் மறுபடி பாருங்கள். சி5 பூஜ்யமாகி 05-உம் பூஜ்யத்தில் நின்றால், எழுதும்போது கரண்ட் போனது போன்ற ஏதோ ஒரு கோளாறு, டிஸ்க் நலம். 05 எட்டாகி அதோடு நின்றால் கேம் வைக்கலாம். 05 இன்னும் மேலே போனாலோ, ஒரு வாரத்தில் சி5 மறுபடி தலைகாட்டினாலோ, அந்த டிஸ்க்கில் எதையும் வைக்காதீர்கள்.

டிஸ்க் தேறினாலும் படங்களின் முதல் காப்பி எக்ஸ்டர்னலில் இருக்கட்டும், இந்த டிஸ்க்கில் இரண்டாவது காப்பி மட்டும்.

தேன்மொழி:

மாட்டும் வேலையில் ஒன்று விட்டுப்போனது. 3.5 இன்ச் டிஸ்க்குக்குத் தடித்த மரை உள்ள 6-32 ஸ்க்ரூ. 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கு வரும் எம்3 ஸ்க்ரூ இதில் லொடலொடவென்று நிற்கும். நான்கையும் போடுங்கள். டிரேயில் ரப்பர் வாஷர் இருந்தால் அதற்கென்று வந்த நீள ஸ்க்ரூவைப் பயன்படுத்தி, ரப்பர் நசுங்காத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். முன்பக்க ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தால் 40 டிகிரியைச் சுற்றியே நிற்கும்.

இளமாறன்:

காப்பி முடிந்தது. விண்டோஸ் 10-இன் சிஸ்டம் ஃபைல் ஒன்று மட்டும் விடுபட்டது, படங்கள் எல்லாம் வந்துவிட்டன. முழு ஃபார்மேட்டுக்குப் பிறகு 05, சி5 இரண்டும் 0. சி7 112-லேயே நிற்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: கொஞ்ச நேரம் கழித்து அந்த டிரைவைத் திறந்தால் எக்ஸ்ப்ளோரர் பத்து நொடி நிற்கிறது, உர்ரென்று சத்தம் வருகிறது.

வேதநாயகம்:

அது பழுது இல்லை. விண்டோஸின் பேலன்ஸ்டு பவர் பிளானில் 20 நிமிஷம் யாரும் தொடாத ஹார்ட் டிஸ்க்கைச் சுழலாமல் நிறுத்திவிடும். திரும்பத் தொட்டதும் மோட்டார் முழு வேகத்துக்கு வரும் சத்தம்தான் அது. அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்' என்பதை 0 என்று வைத்தால் நிற்காது. கேம் வைக்கப் போவதால் அப்படி வைக்கலாம். அடிக்கடி நின்று கிளம்புவதைவிட ஓடிக்கொண்டே இருப்பது மோட்டாருக்கும் சிரமம் குறைவு. 'டக், டக்' என்று ஒரே சீராக அடித்துக்கொண்டு டிரைவ் திறக்காமல் இருந்தால் மட்டும் உடனே பிசியை அணைத்துவிட்டு எழுதுங்கள்.