இந்தி போலீஸ் கதை: இடைவேளைக்கு அப்புறம் ஏன் படுத்துவிடுகிறது?

துறைமுகம்72:
இந்தியில் எடுக்கப்போகும் ஆக்‌ஷன் க்ரைம் படத்துக்குத் திரைக்கதை, 118 பக்கம். மும்பை, கள்ளச்சாராயக் கும்பல், நேர்மையான சப்-இன்ஸ்பெக்டர். 60ஆம் பக்கத்தில் வில்லனின் ஆள் ஹீரோ வீட்டு அலமாரியில் பணக்கட்டை வைத்து லஞ்சக் கேஸில் மாட்டிவிடுகிறான். சஸ்பெண்ட். அதற்கப்புறம் ஹீரோ ஒவ்வொரு குடோனாகப் போய் அடிக்கிறான், கடைசியில் வில்லன். முதல் பாதி நல்லா இருக்குங்கிறவங்களே 75க்கு மேல் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறாங்க. நாலு சண்டை இருக்கு, குறைக்கணுமா? ஜஞ்சீர், அர்த் சத்யா என்ற பழைய இந்திப் போலீஸ் படங்கள் இரண்டையும் மாதிரியா வச்சுத்தான் எழுதினேன்.

மேட்னிக்காரன்:
சண்டையைக் குறைச்சாலும் தூங்கத்தான் செய்யும். 60ஆம் பக்கத்துக்கு அப்புறம் உங்க ஹீரோவைத் தடுக்க ஆளே இல்லையே. யூனிஃபார்ம் போனது அவனுக்கு வசதியாப் போச்சு.

ஜஞ்சீரில் (1973) அதை எழுதின சலீம்-ஜாவேத் அந்த இடத்தில் என்ன செய்திருக்காங்கன்னு மறுபடி பாருங்க. ஹீரோ இன்ஸ்பெக்டர் விஜய் பொய்க் கேஸில் ஜெயிலுக்குப் போய் வெளியே வர்றான். ரத்தம் கொதிக்குது, எதிரி யாருன்னும் தெரியும். ஆனா பழி தீர்க்க மாட்டேன்னு காதலி மாலாவுக்கு வாக்குக் கொடுத்துடுறான். இப்போ தடை வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கு. மனுஷன் நொடிஞ்சு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து அவளே வாக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கதை மறுபடி ஓடும். அடிதடியே இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்தான் கிளைமாக்ஸுக்கு எடை கொடுக்குது. உங்க 60க்கும் 75க்கும் நடுவில் அப்படி ஒண்ணு வேணும்.

இன்னொண்ணு சாட்சி. லாரி ஏத்திக் குழந்தைகளைக் கொன்ன கேஸில் பார்த்த ஒரே ஆள் மாலா, கத்தி சாணை பிடிக்கிற பொண்ணு. வாயை மூட கும்பல் பணம் கொடுக்குது, அவளும் வாங்கிக்கிறா. விஜய் அவளிடம் பிரசங்கம் பண்றதில்லை. நேரா பிணவறைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சிதைஞ்ச உடம்புகளைக் காட்டுறான். அநியாயத்தை வசனத்தில் சொல்லாம ஒரு அறைக்குள்ள நிறுத்திக் காட்டினாங்க. விலை போன சாட்சி திரும்பி வர்றதால அவ மேல நமக்குப் பிடிப்பும் வருது. உங்க கதையில் சாட்சின்னு யாராவது இருக்காங்களா?

சூதாட்ட விடுதி நடத்துற ஷேர் கான் (பிராண்) விஷயமும் கவனிங்க. ஸ்டேஷனில் விஜய் அவன் நாற்காலியை உதைச்ச சீன் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா வேலை செய்றது அதுக்கு அடுத்த சீன்: யூனிஃபார்ம் இல்லாம விஜய் அவன் பேட்டைக்கே போய் மோதுறான். அந்தச் சண்டை முடியும்போது ஒரு எதிரி நண்பனாகிறான், சூதாட்டத்தை விட்டு கார் மெக்கானிக் ஆகிறான். ஒரு சண்டை முடிஞ்சா கதையில் யாரோ ஒருத்தர் இடம் மாறியிருக்கணும். உங்க நாலையும் இந்த அளவுகோலில் வச்சுப் பாருங்க. மாறாததை வெட்டிடலாம்.

கொசுறா ஒண்ணு: எம்.ஜி.ஆர். இதையே 1974இல் 'சிரித்து வாழ வேண்டும்' ஆக்கினப்போ இன்ஸ்பெக்டர், ரஹ்மான் (இங்கே ஷேர் கான்) ரெண்டும் அவரே. ரசிகனுக்குக் கொண்டாட்டம்தான். ஆனா சமபலமுள்ள ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் அளந்து பார்க்கிற சுவை போயிடுச்சு.

காக்கிக்கோப்பு:
அலமாரியில் பணம் வைக்கிற சீன் இன்னிக்கு நிக்காது சார். வீட்டில் பணம் கிடைச்சதாலேயே லஞ்சம்னு ஆகாது. கேட்டதையும் வாங்கினதையும் அரசுத் தரப்பு நிரூபிக்கணும். 2022இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதைத்தான் உறுதிப்படுத்திச்சு.

மாட்டிவிடணும்னா லஞ்ச ஒழிப்புப் போலீஸ் பொறி வைக்கிற முறையையே வில்லன் பயன்படுத்தட்டும். நடைமுறை இப்படி: புகார்தாரர் வருவார், நோட்டில் ஃபினாஃப்தலின் பவுடர் தடவுவாங்க, நோட்டு எண்களைக் குறிச்சுக்குவாங்க, கூட ரெண்டு சுயேச்சை சாட்சிகள். வாங்கினவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினா தண்ணி ரோஸ் நிறமாகும், அதைப் பாட்டிலில் ஊத்தி சீல் வைப்பாங்க. உங்க கதைக்குத் தேவை பொய்ப் புகார்தாரர் ஒருத்தர். பவுடர் பட்ட கையோட ஹீரோவுக்குக் கை கொடுக்கிறார், கேஸ் காகிதம்னு ஒரு உறையை நீட்டுறார். ஹீரோ வாங்கி மேஜையில் வைக்கிறான். உள்ளே பணம். தண்ணி ரோஸ் ஆகிறதை அவனே பார்த்துக்கிட்டு நிக்கிறான். அலமாரியை விட இது கேமராவுக்கும் நல்லது. அப்புறம் அந்தப் பொய்ப் புகார்தாரரை உடைக்கிறதுதான் ரெண்டாம் பாதிக்கு வேலை.

சஸ்பெண்ட் விஷயத்திலும் கவனம். அது பதவி நீக்கம் இல்லை. நீக்கணும்னா பொதுவா அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவுப்படி விசாரணை நடக்கணும். சஸ்பெண்ட் ஆனவர் ரிவால்வரையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கணும், பிழைப்பூதியம் மட்டும் வரும். சட்டப்படி அவர் இன்னும் போலீஸ்காரர்தான், ஆனா போலீஸ் அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஆளைப் பிடிக்கிற விஷயத்தில் தனிநபர் மாதிரிதான். ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாம பிடிக்கக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தா தனிநபரும் ஆளைப் பிடிக்கலாம். ஆனா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40ஆம் பிரிவுப்படி 6 மணி நேரத்துக்குள்ள போலீஸில் ஒப்படைக்கணும். எந்த ஸ்டேஷனில் ஒப்படைச்சாலும் வில்லன் கையாள் இருக்கான்னா அந்த 6 மணி நேரமே உங்களுக்கு ஒரு பெரிய சீக்வென்ஸ்.

அடிச்சு வாங்குற ஒப்புதல் வாக்குமூலத்தை வச்சு கேஸை முடிச்சுடாதீங்க. போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது.

அரைஉண்மை:
மேட்னிக்காரன் சொல்றது ஜஞ்சீருக்குச் சரி. ஆனா கேட்டவர் அர்த் சத்யாவையும் மாதிரின்னு சொல்றார், ரெண்டும் எதிரெதிர் இயந்திரம். ஒரே படத்தில் பூட்டினதுதான் கோளாறுன்னு எனக்குப் படுது.

அர்த் சத்யா 1983இல் கோவிந்த் நிஹலானி எடுத்தது, திரைக்கதை விஜய் டெண்டுல்கர். இதில் ஹீரோ ஒவ்வொரு தடவையும் சரியானதைத்தான் செய்றான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெட்டுப்போறான். சப்-இன்ஸ்பெக்டர் வேலங்கர் (ஓம் பூரி) எரிக்கப்பட்ட ஒரு ஆளோட வாக்குமூலத்தை வாங்கிக்கிட்டு தாதா ராமா ஷெட்டியைக் கைது பண்ணப் போறான். ஷெட்டி கத்தியை எடுக்கலை, அடியாளைக் கூப்பிடலை. ஒரு போன். கொஞ்ச நேரத்தில் கிளம்பு என்கிற உத்தரவு வேலங்கருக்கே வருது. ஷெட்டியா நடிச்ச சதாசிவ் அம்ராபுர்கர் குரலை உயர்த்தாமலே செய்துட்டுப் போயிடுவார்.

இன்னொரு விவகாரத்தில் வேலங்கர் சஸ்பெண்ட் ஆகிற நிலை. மேலதிகாரி ஹைதர் அலி ஆள் பிடிச்சு, சிபாரிசு வச்சுக் காப்பாத்துறார். அதாவது எந்த முறையால அவமானப்பட்டானோ அதே முறையாலதான் வேலையும் தங்குது. கொள்ளைக்காரனைப் பிடிச்ச பேரும் வேற ஆளுக்குப் போகுது. குடி. கடைசியில் ரேடியோ திருடின ஒரு சின்னத் திருடனை லாக்கப்பில் அடிச்சே கொல்றான். ஷெட்டி மேல வரவேண்டிய கோபம் கேட்க நாதியில்லாதவன் மேல விழுந்தது. இதை எழுத டெண்டுல்கருக்கு இருந்த துணிச்சல் இன்னிக்கு வர்ற போலீஸ் படங்களில் அபூர்வம். தன்னைக் காப்பாத்தச் சொல்லி ஷெட்டிகிட்டயே போய் நிக்கிறான், அவன் நக்கல் பண்றான், வேலங்கர் அவன் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு ஸ்டேஷனில் சரணடையறான். இங்கே வில்லன் சாகிறது வெற்றியே இல்லை.

ஜஞ்சீர் வழின்னா ஹீரோ கடைசி வரை சுத்தம், தடை வெளியேயும் வாக்கிலும். அர்த் சத்யா வழின்னா தடை அவனுக்குள்ளேயே வளருது. உங்க 75ஆம் பக்கத்தில் குடோனில் அடி வாங்குறவன் யார்? கூலிக்கு மூட்டை தூக்குறவனா? அப்படின்னா நீங்க தெரியாமலே ரெண்டாவது படத்துக்குள்ள வந்துட்டீங்க, ஆனா இன்னும் விசில் எதிர்பார்க்கிறீங்க.

மூணாவது வழியும் உண்டு: கங்காஜல் (2003). பாகல்பூரில் 1979-80இல் விசாரணைக் கைதிகள் 31 பேரோட கண்ணில் போலீஸ் ஆசிட் ஊத்தின சம்பவத்தைத் தழுவினது. அதில் எஸ்.பி. அமித் குமாருக்குச் சொந்தப் போலீஸும் கைதட்டுற ஊருமே எதிரி ஆயிடுது.

துறைமுகம்72:
அடி வாங்குறவங்க குடோன் கூலிகள்தான். மூட்டை தூக்குறவன் ஒருத்தன் சாகிற மாதிரி வச்சா லாக்கப்பிலேயே வைக்கலாமா?

காக்கிக்கோப்பு:
சஸ்பெண்ட் ஆனவனுக்கு லாக்கப் கிடையாது. அந்தச் சாவை 60ஆம் பக்கத்துக்கு முன்னாடி கொண்டுவரணும். வச்சா மூணு விஷயம்: 2020 டிசம்பர் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஸ்டேஷன்களில் சிசிடிவி, பதிவு 18 மாதம், குறைஞ்சது ஒரு வருஷமாவது இருக்கணும், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள்ள தகவல், மாஜிஸ்ட்ரேட் விசாரணை. கேமரா அன்னிக்கு ஓடலைன்னு எழுதினா, யார் நிறுத்தினதுன்னும் எழுதணும்.

மேட்னிக்காரன்:
அரைஉண்மை சொல்றதை ஒத்துக்கிறேன், ரெண்டில் ஒண்ணைத்தான் எடுக்கணும். மூட்டைக்காரன் சாவு 50ஆம் பக்கம் வாக்கில் வரட்டும், பொய் லஞ்சக் கேஸ் அப்படியே 60இல். அப்போ செய்யாத குற்றத்துக்குத் தண்டனை, செய்த குற்றம் கோப்பில் தூங்குது. வில்லனுக்கு அது தெரியும். குடோன் சண்டையில் ரெண்டு தானா விழுந்துடும்.

மிச்சம் இருக்கிற சண்டையில் குத்து எதையும் பக்கவாட்டில் எடுக்கச் சொல்லி எழுதாதீங்க. கைக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அப்பட்டமாத் தெரியும். கேமரா அடிக்கிறவன் தோளுக்குப் பின்னாடி இருந்தா முஷ்டி முகத்தை மறைச்சுடும், ஒரு சாண் தள்ளிப் போனாலும் பட்ட மாதிரியே இருக்கும்.