பீரோவைத் தொட்டா சுரீர்னு அடிக்குது, உங்களுக்கும் நடந்திருக்கா?

சென்னைல இருந்த வரைக்கும் எனக்கு இந்த கூத்து தெரியாது. பெங்களூரு வந்த மொத ஜனவரி, காத்து ஈரமே இல்லாம காஞ்சு கெடக்கு, ஆபீஸ்ல சேர்ல இருந்து எழுந்து இரும்பு பீரோ கைப்பிடிய தொட்டேன், டப்புனு ஒரு சத்தம், விரல் நுனில சுரீர்னு. எர்த்திங் போயிருச்சுனு எலக்ட்ரீசியன கூப்பிட்டா அவரு டெஸ்டர வச்சு பாத்துட்டு "பீரோல கரண்ட் இல்ல சார், உங்க மேலதான் இருக்கு"னு சிரிச்சுட்டு போயிட்டாரு.

அவரு சொன்னது நெசந்தான், இதுதான் ஸ்டேட்டிக் கரண்ட், அதாவது நிலைமின்சாரம். பேண்ட்டும் சேர் துணியும் ஒட்டிக் கெடக்கும்போது ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எலக்ட்ரான் தாவுது, புதுசா எதுவும் உண்டாகல, இங்க குறைஞ்சது அங்க கூடுது. புரோட்டான் அணுக்கருவ விட்டு அசையாது, அதனால பாசிட்டிவ் சார்ஜ்னா எலக்ட்ரான பறிகொடுத்த கணக்குதான். உக்காந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது, எழுந்து ரெண்டும் பிரியும்போதுதான் வோல்டேஜ் எகிறுது. நமக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேணும், ஆனா ஓடுற சார்ஜ் துளியூண்டு, அதான் உயிரோட இருந்து டைப் பண்றேன். இப்பல்லாம் சாவிய கைல புடிச்சு அதால கைப்பிடிய தொடுறேன், பொறி சாவில அடிச்சுட்டு போயிடுது, விரலுக்கு வலியே இல்ல.

---

கோயமுத்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லுங்க எனக்கு, இது தெனப்பாடு. காட்டன் ஓடுறப்ப பெருசா தொல்லை இல்லீங்க, பாலியஸ்டர் போட்டா போதும், பஞ்சு ரோலர்ல சுத்திக்கும், லேப்பிங்னு சொல்லுவோம். காட்டன் எடைல 8% வரைக்கும் ஈரத்த வச்சிருக்கும், பாலியஸ்டர் அரை பர்சன்ட் கூட வச்சிருக்காது, அப்புறம் சார்ஜ் எந்த வழில எறங்கும் சொல்லுங்க. ஒரு சித்திரை மாசம் காத்துல ஈரத்த ஏத்துற ஹியூமிடிட்டி பிளாண்ட் மோட்டார் படுத்துக்குச்சு, மதியத்துக்குள்ள பஞ்சுத் திரிய இழுத்து நீட்டுற டிராஃப்ரேம் மெஷின் பூரா லேப்பிங், கைல ரோமமெல்லாம் நட்டுக்குது, சூப்பர்வைசர் தரைல தண்ணி தெளிக்கச் சொல்லி கத்துறாரு. பொம்பளப் புள்ளைங்க நைலான் சேலை கட்டிட்டு வந்த நாளா பாத்து இது நடக்கும்.

---

நான் பெட்ரோல் பங்க்ல இருக்கேன் அண்ணே. டேங்கர் லாரி வந்தா குழாய் மாட்டுறதுக்கு முன்னாடி எர்த் கிளிப் மாட்டணும், ஏன்னா குழாய்க்குள்ள எண்ணெய் ஓடுறப்பவே சார்ஜ் ஏறிடும், அங்க ஒரு பொறி வந்தா முடிஞ்சது கத. கேன்ல வாங்க வர்றவங்க கேன கைல தூக்கிப் புடிச்சுக்கிட்டே ஊத்துன்னுவாங்க, சார்ஜ் தரைல எறங்கட்டும், கீழ வைங்கன்னா "உனக்கு குனிய நோவுதா"ன்னு சண்டைக்கு வர்றாங்க.