புதுப்பிப்பு: அடித்தளக் குழியில் ஊறும் நீரைக் கழிவுநீர்க் குழாயில் விட அனுமதி கிடைத்துவிட்டது

கட்டடப் பணியில் இறைக்கும் நீரைச் சில வாரங்களுக்கு மட்டும் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விட எப்படி அனுமதி பெறுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்த யோசனை இதுதான்: "மொத்தக் கொள்ளளவை மட்டும் எழுதாதீர்கள், வினாடிக்கு அதிகபட்சம் எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள்." அதிகாரிகளின் முதல் கவலையே அதுதான். மழை நாளில் குழாய் ஏற்கெனவே நிரம்பி ஓடும். அப்போது நாமும் சேர்ந்து இறைத்தால் எங்காவது ஆள்துளை (மேன்ஹோல்) பொங்கும். எந்த ஆள்துளையில் விடப்போகிறோம் என்பதை வரைபடத்தில் குறித்து, ஆய்வக அறிக்கையையும் இணைத்த பிறகு கோப்பு நகர்ந்தது.

எதிர்பாராதது பிஎச் அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 என்றால் நடுநிலை). வண்டல் தொட்டியில் நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. ஆனால் புதிய கான்கிரீட்டைத் தொட்டு வந்த நீர் என்பதால் பிஎச் 11ஐத் தாண்டியது, அதாவது கடும் காரம். அதைக் குறைக்க அமிலம் ஊற்றச் சிலர் சொன்னார்கள்; அளவு தப்பினால் நீர் அமிலமாகிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கரியமில வாயுவைச் செலுத்தினோம். சற்றுக் கூடுதலாகப் போனாலும் பிஎச் அபாயமான அளவுக்கு இறங்குவதில்லை.

அனுமதியோடு வந்த நிபந்தனைகள்: ஓட்டமானி பொருத்த வேண்டும், கனமழையில் பம்பை நிறுத்த வேண்டும், மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டும் விடக்கூடாது. கட்டணம் மானி காட்டும் அளவுப்படி. தேதி முடிந்தால் அனுமதியும் முடிந்தது. நீட்டிப்புக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்.