கூண்டைப் பார்க்காமல் கூண்டுச் செய்தியா?

முதுநகர் நிருபர்:
"இதழியல் மாணவர்கள் துறைமுகம் துறைமுகமாக அலைய வேண்டாம். வானிலை அறிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது, அதைச் சுருக்கி எழுதப் பழகினால் போதும்" என்று இதழியல் சொல்லிக்கொடுக்கும் நெல்லித்தோப்பு நண்பர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடலூர்த் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று எழுதுகிற பிள்ளை அந்தக் கூண்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா?

நெல்லித்தோப்பு:
எதற்குப் பார்க்க வேண்டும்? எச்சரிக்கை தருவது வானிலை ஆய்வு மையம், ஏற்றுவது துறைமுகத்தார். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறுக்கும் விடை வைத்து, முக்கியமானதை முதல் பத்தியில் சொன்னால் அது செய்தி. இதையே ஒழுங்காக எழுத வரவில்லை, இதில் கூண்டு தரிசனம் வேறு.

முதுநகர் நிருபர்:
பார்த்தால்தான் கேள்வி வரும். பகலில் கூம்பு, உருளை வடிவங்களைத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். 10 என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மீதோ பக்கத்திலோ கடக்கப் போகிறது. உங்கள் மாணவர் "ஏற்றப்பட்டது" என்று முடித்துவிடுகிறார். படிக்கிறவனுக்கு என்ன புரியும்?

தேவனாம்பட்டினம் மாணவி:
ஐயா, நாங்கள் போகாமல் இல்லை. ஒரு அலுவலக வாசலில் அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதுநகர் நிருபர்:
திருப்பி அனுப்பினால் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போம்மா. அங்கே அட்டை கேட்க மாட்டார்கள். ஐஸ் உடைக்கிறவரிடம் பேச்சுக் கொடு, எந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரியும். பேர், ஊர், வயது கேட்டு அங்கேயே குறித்துக்கொள். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டு. எந்த அறிக்கை கைப்பேசிக்கு வந்தது? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததை நேரில் போய்ப் பார்த்தவன்தான் எழுதினான்.

நெல்லித்தோப்பு:
எதற்கெடுத்தாலும் 'தானே' புயல். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்றைக்கும் பிள்ளைகளைக் கூண்டு பார்க்க அனுப்பியிருப்பீர்களா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

உப்பளம்காரன்:
கூண்டு என்றால் கடலூர் மட்டும்தானா? புதுச்சேரித் துறைமுகத்திலும்தான் ஏற்றுகிறார்கள். கடலூர்க்காரர்களுக்கு நாங்கள் எப்போதும் கண்ணில் படுவதில்லை. அப்புறம், "நிருபர்" என்று போட்டுக்கொள்கிறாரே, எந்தப் பத்திரிகை? மீன்பிடித் தடைக்கால விவாதத்திலும் கேட்டேன், வாயே திறக்கவில்லை.

முதுநகர் நிருபர்:
செய்தி எத்தனை சென்டிமீட்டர் வந்தது என்று அளந்து காசு வாங்கிய பகுதிநேர நிருபர் நான். மாதச் சம்பளம் வாங்கியதில்லை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதை 45 என்று எழுதிவிட்டுச் சண்டைக்கு வந்தவர் நீங்கள்.

உப்பளம்காரன்:
முன்பு 45 நாள்தானே இருந்தது! அதைத்தான் எழுதினேன்.

முதுநகர் நிருபர்:
பேச்சை மாற்ற வேண்டாம். நெல்லித்தோப்பு, நேராகவே கேட்கிறேன். கூண்டைப் பார்த்திருக்கிறீர்களா, இல்லையா?

நெல்லித்தோப்பு:
பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். என் மாணவர்கள் எழுதியது பிழையில்லாமல் அச்சில் வருகிறது, அது போதும்.

முதுநகர் நிருபர்:
அறிக்கையை எழுதியவர் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். உங்கள் மாணவர் என்ன எழுதினார்?